பௌலிங் கிளப் மண்டபத்தில் விழா எடுக்கும் நம் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மெல்பேர்ன் புறநகர்த் தமிழ்ச் சங்கங்கள், தமிழ்ப் பள்ளிகளின் நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

பொங்கல், ஆண்டு விழா, பிள்ளைகளின் பிறந்தநாள் என்று ஏதாவது ஒன்றுக்கு புல்தரையில் பந்து உருட்டி ஆடும் உள்ளூர் லான் பௌல்ஸ் கிளப்பின் மண்டபத்தை நம்மில் பலர் எடுத்திருக்கிறோம். வாடகை கட்டுப்படியாகும், சமையலறை உண்டு, கார் நிறுத்த இடமும் தாராளம். எங்கள் வட்டாரக் கிளப்பில் இப்போது உறுப்பினர்கள் குறைந்துவிட்டார்கள். பக்கத்துக் கிளப்போடு இணைவது பற்றிப் பேச்சு நடக்கிறது. இணைந்துவிட்டால் கட்டடம் கைமாறும், உள்ளே இருப்பவை மூட்டை கட்டப்படும். அதற்கு முன்பே அந்தக் கிளப்பின் வரலாற்றைத் திரட்டிப் பத்திரப்படுத்த நாம் கைகொடுக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

அது நம்முடைய வரலாறா என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மண்டபச் சுவர்களில் மாட்டியிருக்கும் மரப்பலகைகளை நின்று படித்துப் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டின் தலைவர், செயலாளர், சாம்பியன் பெயர்கள் பொன்னெழுத்தில் வரிசையாக இருக்கும். மேலே உள்ளவை எல்லாம் பிரித்தானியப் பெயர்கள். பாதிப் பலகை தாண்டிய பிறகுதான் ஓர் இத்தாலியப் பெயரோ கிரேக்கப் பெயரோ தென்படுகிறது. ஐரோப்பியர் அல்லாதவர்கள் இங்கே குடியேறுவதைத் தடுக்க 1901இல் சட்டமான வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையின் கடைசி மிச்சமும் 1973இல்தான் நீங்கியது. அந்தப் பலகைகளில் நம் பெயர் இல்லாததற்கு அதுவே காரணம். இந்த ஊர் யாரை உள்ளே விட்டது, எப்போது விட்டது என்பதற்கு அந்தச் சுவரே சாட்சி. சாட்சியை அழியவிட்டு நமக்கு என்ன லாபம்?

பெண்கள் பலகை தனியாக இருக்கிறது. அதில் பலருக்குச் சொந்தப் பெயரே கிடையாது. ‘மிஸஸ்’ என்று போட்டு, கணவரின் முதலெழுத்தும் குடும்பப் பெயரும் மட்டும் எழுதியிருக்கிறார்கள். பல ஆண்டுகள் கிளப்பை நடத்தியவரின் பெயர் என்ன என்பதைப் பலகை சொல்லாது. இத்தனைக்கும் விக்டோரியப் பெண்கள் 1907இலேயே தங்களுக்கென்று ஒரு மாநிலச் சங்கம் அமைத்துக்கொண்டவர்கள். அந்தப் பெயர்களை மீட்க வேண்டுமானால் பழைய கூட்டக் குறிப்பேடுகளைப் புரட்ட வேண்டும். இன்னும் விளையாட வருகிற எண்பது வயது அம்மாக்களிடம் உட்கார்ந்து கேட்கவும் வேண்டும். குறிப்பேடுகள் பெட்டியில் காத்திருக்கும். அந்த அம்மாக்கள் எத்தனை காலம் காத்திருப்பார்கள்?

ஆட்டத்தின் கதையும் சின்னதல்ல. ஆஸ்திரேலியாவில் 1845இல் டாஸ்மேனியத் தலைநகர் ஹோபார்ட்டின் சாண்டி பே பகுதியில், ஒரு மதுக்கடையை ஒட்டிய புல்தரையில் தொடங்கியது இது. நம் ஊரில், வின்ட்சரில் இருக்கும் மெல்பேர்ன் பௌலிங் கிளப்பின் பிறப்பு 1864. நாட்டிலேயே மிகப் பழைய கிளப் அதுதான். முதலில் ஆடியது லிக்னம் வைட்டே என்ற கனத்த மரத்தில் கடைந்த பந்துகளால். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் மரம் அது. 1918இல் வில்லியம் டேவிட் ஹென்செல் என்பவர் மெல்பேர்னில் ரப்பர் பந்து செய்தார். அவர் குடும்பத்தின் ஹென்ஸ்லைட் பந்துகள் பிறகு உலகமெங்கும் போயின. எங்கள் கிளப்பின் கண்ணாடி அலமாரியில் மூன்று மரப்பந்துகள் இருக்கின்றன. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முழு உருண்டை இல்லை. ஒரு பக்கம் சற்றே சரிந்திருக்கிறது. அந்தச் சரிவால்தான், உருட்டிய பந்து வேகம் குறையக் குறைய வளைந்து, ‘ஜாக்’ என்ற சிறிய வெள்ளை இலக்குப் பந்தை நோக்கித் திரும்புகிறது. அதன் பக்கவாட்டில் யாரோ செதுக்கிய முதலெழுத்துகள் தேய்ந்து கிடக்கின்றன. யாருடையவை என்று கேட்டேன். அங்கிருந்தவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலை அல்ல. பலகைகளை ஒவ்வொன்றாகப் படமெடுத்துப் பெயர்களைத் தட்டச்சு செய்ய வேண்டும். குறிப்பேடுகளை ஸ்கேன் செய்ய வேண்டும். தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் 1957 வரையிலான ஆர்கஸ் நாளிதழ் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. பௌல்ஸ் ஆட்ட முடிவுகளை அந்த இதழ் விடாமல் வெளியிட்டு வந்தது. கிளப்பின் பெயரைப் போட்டுத் தேடினாலே நிறைய அகப்படும். இளைஞர்களுக்கான டியூக் ஆஃப் எடின்பரோ விருதுக்காகத் தொண்டு நேரம் தேடி அலையும் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வேலை அமையாது. முதியவர்களிடம் பேசவும் பழகுவார்கள். சேர்ந்ததை எல்லாம் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்திடம் ஒரு படி, கிளப்பிடம் ஒரு படி என்று கொடுத்துவிடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மண்டபத்தை எடுக்கிறோம், வாடகை கொடுக்கிறோம், விழா முடிந்ததும் பூட்டிச் சாவியை ஒப்படைக்கிறோம். வெளியே இருக்கும் புல்தரையில் நம்மில் எத்தனை பேர் கால் வைத்திருக்கிறோம்? உறுப்பினர் இல்லாமல்தான் அந்தக் கிளப் தேய்கிறது. உங்கள் சங்கத்திலிருந்து பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் இணைப்புப் பேச்சே வேறு மாதிரிப் போகலாம். அந்த நம்பிக்கை எனக்கு இருக்கிறது.

கிளப் செயலாளரிடம் பேசிவிட்டேன். படமெடுக்கவும் குறிப்பேடுகளைப் பார்க்கவும் மகிழ்ச்சியோடு சம்மதித்தார். இணைப்பு பற்றிய உறுப்பினர் கூட்டத்துக்கு முன்னால் வேலையைத் தொடங்கியாக வேண்டும். ஒவ்வொரு சங்கமும் இரண்டு பேரையும், முடிந்தால் ஒரு ஸ்கேனரையும் அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவர்