கூட்டின் இடத்தை மட்டும் சொல்லாதீர்கள்: பறவை நோக்கர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழகப் பறவை நோக்கர் குழுக்களின் ஒருங்கிணைப்பாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

தை பிறந்தது முதல் சித்திரை முடியும் வரை நம் குழுக்களில் இரண்டு விதமான செய்திகள் வருகின்றன. வலசை வந்த பறவைகள் வடக்கே திரும்புவதையும், உள்ளூர்ப் பறவைகள் இணை தேடிக் குரல் எழுப்புவதையும் பற்றிய சிறு குறிப்புகள் ஒரு புறம். கழுகு, பருந்து, வல்லூறு, ஆந்தை ஆகியவற்றின் கூடுகளைக் காட்டும் படங்களும் அங்கே போய்ச் சேரும் வழி விவரங்களும் மறுபுறம். முதல் வகையை நாம் போதிய அளவு பகிர்வதில்லை. இரண்டாம் வகையை அளவு கடந்து பகிர்கிறோம். இரைக்கொல்லிப் பறவையின் கூடு இருக்கும் இடத்தை, குஞ்சுகள் பறந்து வெளியேறி அந்தப் பருவம் முடியும் வரை எந்தக் குழுவிலும் வெளியிடுவதில்லை என்ற விதியை நாம் எல்லாரும் ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

நம் நாட்டில் இப்பறவைகள் கூட்டில் இருக்கும் காலம் வெயில் ஏறும் காலத்தோடு ஒட்டியே வருகிறது. பாறை இடுக்கில் முட்டையிடும் கொம்பன் ஆந்தையும், செங்குத்தான மலைமுகப்பில் குஞ்சு வளர்க்கும் பைரியும், தென்னை உச்சியில் குச்சி அடுக்கும் செம்பருந்தும் பெரும்பாலும் பனிக்காலத்தின் பிற்பகுதிக்கும் கோடையின் முற்பகுதிக்கும் இடையில்தான் குஞ்சு பொரிக்கின்றன. பல இனங்களில் குஞ்சு சிறிதாக இருக்கும் நாட்களில் இரையை ஆண் பறவை கொண்டுவரும். பெண் பறவை கூட்டிலேயே நின்று, உச்சி வெயிலில் இறக்கையை விரித்து, குஞ்சுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருக்கும். மனிதர் நெருங்கினால் அது எழுந்து பறந்துவிடும். அது திரும்பி வரத் தயங்கும் நேரத்தில் பங்குனி வெயிலே குஞ்சைக் கொன்றுவிடும். முட்டையாக இருந்தால் காகம் எடுத்துப் போகும். படம் எடுத்தவரோ பறவையைத் தொடவில்லை, கல்லெறியவில்லை, ஒரு கிளையைக்கூட ஒடிக்கவில்லை. "நான் எந்தத் தொந்தரவும் செய்யவில்லை" என்று அவர் சொல்வதில் பொய்யில்லை. அவர் ஒரே ஒரு முறைதான் போனார். ஆனால் அந்தப் பறவைக்கு அன்று அது பத்தாவது வாகனம். இந்தக் கணக்கு தனியாக நிற்கும் யாருக்கும் தெரியாது. குழுவுக்குத்தான் தெரியும், ஏனென்றால் பத்துப் பேரையும் அனுப்பி வைத்தது குழுவில் வந்த ஒரு செய்தி. (கிளையை ஒடிப்பவர்களும் இருக்கிறார்கள். தெளிவான படத்துக்காக மறைப்பை விலக்குவது கூட்டைக் காகத்துக்கும் வெயிலுக்கும் திறந்துவிடுவதாகும் என்பதைச் சொல்லியும் கேட்காதவர்களுக்கு இந்த மடல் பயன்படாது.)

சட்டத்தின் பார்வையும் இதேதான். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதோடு, முட்டைக்கோ கூட்டுக்கோ இடையூறு செய்வதும் அடங்குகிறது. துப்பாக்கி வேண்டியதில்லை என்பதை நம்மில் பலர் அறிவதில்லை.

இடத்தின் பெயரை எழுதாவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். கைபேசியில் எடுத்த படத்தின் கோப்பிலேயே அது எடுக்கப்பட்ட இடம் பதிவாகியிருக்கக்கூடும். அதை நீக்கினாலும், பின்னணியில் தெரியும் கோயில் கோபுரமோ, காற்றாலையோ, குவாரியின் வெட்டு முகமோ அந்த வட்டாரத்துக்காரருக்குப் போதுமானது. பறவைப் பட்டியல்களை நாம் ஏற்றும் இ-பேர்ட் இணையதளம் மிகவும் ஆபத்தில் உள்ள சில இனங்களின் இடத்தைத் தானாகவே மறைத்து, 400 சதுர கிலோமீட்டர் கட்டமாக மட்டுமே காட்டுகிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு ஒரு குறுகிய பட்டியலில் உள்ள இனங்களுக்குத்தான். மற்ற இனங்களின் கூட்டைப் பதிவு செய்பவர், பட்டியலைச் சில மாதங்கள் கழித்து ஏற்றலாம்; அல்லது குன்றைக் குறிக்காமல் ஊரை மட்டும் குறிக்கலாம். ஆய்வாளருக்கு இதனால் இழப்பு மிகக் குறைவு.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் ஒன்று வலுவானது. அதைத் தட்டிக் கழிக்க முடியாது. ஒளித்து வைப்பதால் மட்டும் எந்தப் பறவையும் பிழைத்ததில்லை, ஊருக்குத் தெரிந்தால்தான் ஊர் காக்கும் என்பார்கள். சான்றுகளும் உண்டு. ஸ்காட்லாந்தின் லாக் கார்ட்டன் ஏரிக்கரையில் 1950களில் மீன் பிடித்துண்ணும் விராலடிப்பான்கள் மீண்டும் கூடு கட்டத் தொடங்கியபோது, இடத்தை ரகசியமாக வைத்துக் காவலும் போட்டிருந்தார்கள். ஆனாலும் 1958இல் முட்டை சேகரிப்பவர் ஒருவரால் அந்தப் பருவம் பாழானது. மறு ஆண்டு பறவைப் பாதுகாப்பாளர் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் அந்தக் கூட்டைப் பொதுமக்களுக்கே திறந்துவிட்டார். தொலைவில் ஒரு மறைவிடமும் தொலைநோக்கியும் அமைத்ததில் அந்த ஒரு பருவத்தில் சுமார் 14,000 பேர் வந்து பார்த்தார்கள், குஞ்சுகளும் பறந்தன. நாகாலாந்தின் பாங்டி கிராமத்தருகே தோயாங் நீர்த்தேக்கத்தில் 2012இல் அமுர் வல்லூறுகள் வலையில் பிடிக்கப்பட்டுப் பெருந்திரளாகக் கொல்லப்பட்ட செய்தி படங்களோடு வெளிவந்ததும், மறு ஆண்டே அந்த ஊர் மக்கள் வேட்டையை முற்றிலும் நிறுத்தினார்கள். நம்மிடமே வேடந்தாங்கல் இருக்கிறது, கூந்தன்குளம் இருக்கிறது. பறவைகளுக்காக வெடி வெடிக்காமல் தீபாவளி கொண்டாடும் கொள்ளுக்குடிப்பட்டி இருக்கிறது.

இந்த ஐந்து இடங்களிலும் இடம் தெரிந்தது. கூடவே காவலும் இருந்தது. வேடந்தாங்கலில் கூடுகளைச் சுற்றி ஒரு ஊரே விழித்திருக்கிறது, நடுவில் நீர் நிற்கிறது, பார்வையாளர் நிற்க வேண்டிய கரை எது என்பது தலைமுறைகளாகத் தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. பட்டா நிலங்களுக்கு நடுவே தனித்து நிற்கும் பாறைக் குன்றில் கொம்பன் ஆந்தை இட்ட இரண்டு மூன்று முட்டைகளுக்கு அப்படி யாருமில்லை. ஆடு மேய்ப்பவர் ஒருவருக்கு அது தெரிந்திருக்கலாம். அவர் ஒதுங்கிப் போய்விடுவார். காவலுக்கு ஏற்பாடு செய்யாமல் இடத்தை மட்டும் அறிவிப்பதற்கு லாக் கார்ட்டனைச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. எந்தக் குழுவாவது பருவம் முழுவதும் ஆள் நிறுத்தி, தொலைவு வகுத்து, நில உரிமையாளரின் ஒப்புதலோடும் வனத்துறையின் அனுமதியோடும் ஒரு கூட்டைக் காட்டுமானால் நானே முதல் ஆளாக வரிசையில் நிற்பேன்.

கூட்டைப் பற்றி எதையுமே பதிவு செய்யாதீர்கள் என்று இதைப் பொருள் கொள்ள வேண்டாம். இந்தியாவில் பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) அழிந்துகொண்டிருப்பது உலகுக்குத் தெரிந்ததே, பரத்பூரின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் பறவையியலாளர் விபு பிரகாஷ் 1980களில் எண்ணி வைத்த பாறுகளையும் கூடுகளையும் 1990களில் மீண்டும் எண்ணி ஒப்பிட முடிந்ததால்தான். கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்குளோஃபினாக் மருந்தே காரணம் என்பது 2004இல் வெளியாகி, 2006இல் அம்மருந்தின் கால்நடைப் பயன்பாடு தடை செய்யப்பட்டதற்கு அந்தக் கணக்குகளே தொடக்கம். இன்று நீலகிரியின் சீகூர்ச் சமவெளியிலும் மாயாற்றுப் பள்ளத்தாக்கிலும் நீர்மத்தி மரங்களில் கூடு கட்டும் வெண்முதுகுப் பாறு பருவத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடுகிறது. அத்தகைய கூட்டை யாராவது காண நேர்ந்தால், அந்தச் செய்தி வன அலுவலருக்கும் அங்கே தொடர்ந்து ஆய்வு செய்பவர்களுக்கும் போக வேண்டும். இருநூறு பேர் உள்ள குழுவுக்கு அது போவதால் பறவைக்கு எந்தப் பயனும் இல்லை.

வலசை வரும் இரைக்கொல்லிகளான பூனைப்பருந்துகள் இரவு தங்கும் புல்வெளிகளையும் கூட்டுக்கு நிகராகவே நடத்த வேண்டும். கசகஸ்தான் புல்வெளிகள் வரை சென்று இனப்பெருக்கம் செய்யும் இவை, நம் தென் மாவட்டங்களின் வெட்ட வெளிகளில் பங்குனி வரை அந்தியில் கூடித் தரையிலேயே இரவைக் கழிக்கின்றன. கார் விளக்கோடு புல்லுக்குள் ஒரு முறை நுழைந்தாலே கூட்டம் முழுவதும் எழுந்து இருட்டில் சிதறும். இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. வருவாய்த் துறை ஆவணத்தில் இவ்விடங்கள் பெரும்பாலும் தரிசு என்றே இருப்பதால், பறவைகள் தங்குவது எங்கும் எழுதப்படாமல் போனால் நிலம் கைமாறும்போது கேட்க ஆளிருக்காது. ஆகவே தேதியோடும் எண்ணிக்கையோடும் எழுதி மாவட்ட வன அலுவலருக்குக் கொடுத்து, ஒப்புகை பெற்று வைத்துக்கொள்ளுங்கள். குழுவில், பகலில் வயல்மேல் தாழப் பறந்த பறவையின் படத்தைப் போடுங்கள். வெளிர் பூனைப்பருந்தின் பெண்ணையும் மோண்டேகு பூனைப்பருந்தின் பெண்ணையும் பிரித்தறிவது தேர்ந்தவர்களுக்கே திணறல். இறக்கையின் அடிப்புறம் தெளிவாகத் தெரியும் படத்தை வைத்து நடக்கும் விவாதம் புதியவர்களுக்கு நல்ல பாடம். வானில் வட்டமிடும் குடுமிக் கழுகு, ஏரிமேல் பாயும் விராலடிப்பான், மின்கம்பியில் அமர்ந்த கருந்தோள் பருந்து ஆகியவற்றை இடத்தோடு சொல்வதில் எந்தத் தடையும் இருக்க வேண்டியதில்லை. அவை அடுத்த நிமிடம் அங்கே இருக்கப் போவதில்லை.

நாம் தாராளமாகப் பகிர வேண்டியது இளவேனிலை ஒட்டிய நடமாட்டத்தைத்தான். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் பிப்ரவரியில் வரும் கணக்கெடுப்பும் முடிந்தவுடன் நம் குழுக்களில் பட்டியல்கள் வற்றிவிடுகின்றன. ஆனால் வலசைப் பறவை புறப்படும் நாட்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. தகைவிலான்கள் கம்பிகளில் திரள்வதும், சாம்பல் வாலாட்டி ஓடைக்கரையை விட்டு நீங்குவதும், சூறைக்குருவிக் கூட்டங்கள் ஆலமரத்தில் தங்கிப் பின் ஒரே வாரத்தில் மறைவதும், வடக்கே செல்லும் ஆறுமணிக்குருவி ஊர்த்தோட்டத்தில் அந்தியில் இரண்டு குரல் கொடுத்துவிட்டுப் போவதும் மாசிக்கும் சித்திரைக்கும் இடையில் நடப்பவை. பறவை வந்த நாளைக் குறிப்பது எளிது; புதிதாகக் கண்டதும் கை தானாக எழுதும். கடைசியாகக் கண்ட நாள் அன்றைக்கு யாருக்கும் தெரியாது, பல நாள் காணாத பிறகே தெரியவரும். ஆகவேதான் ஒரே இடத்தில், பதினைந்து நிமிடமானாலும், கண்டவை கேட்டவை அனைத்தையும் எழுதும் முழுப் பட்டியல் தேவைப்படுகிறது. பட்டியலில் பெயர் இல்லாததும் அப்போது தகவலாகிறது. வலசைப் பறவைகளின் வருகையையும் புறப்பாட்டையும் பதிவு செய்ய 2007இல் தொடங்கப்பட்ட மைக்ரண்ட்வாட்ச் திட்டம் நாடிய தகவலும் இதுவே.

இப்படிச் சேரும் சாதாரணப் பட்டியல்களின் வலிமைக்கு வேறு சான்று வேண்டாம். 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை நோக்கர்கள் அளித்த சுமார் 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 204 குறைந்திருந்தன. இரைக்கொல்லிப் பறவைகளும் வலசைப் பறவைகளும் அதிகம் பாதிக்கப்பட்ட வகைகளில் அடங்கும். அந்தக் கணக்கில் கூட்டின் படத்தைவிடத் தெருமுனைப் பட்டியலே அதிகம் பேசியது.

ஒருங்கிணைப்பாளர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். கூட்டின் இடம் தெரியும் எந்தப் பதிவையும், போட்டவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும், நீக்குங்கள். நீக்கிய காரணத்தைத் தனியே, மரியாதையாகச் சொல்லுங்கள். புதிதாக வந்த இளைஞரைப் பொதுவில் கண்டித்தால் அவர் அடுத்த படத்தை வேறெங்காவது போடுவார். கூடுகளைப் பற்றிய தகவலைப் பெற்றுப் பதிவேட்டில் எழுதி, தேவையானபோது வனத்துறைக்கு அனுப்பும் பொறுப்பை ஒவ்வொரு மாவட்டத்திலும் இருவருக்குக் கொடுங்கள். அந்த இருவரும் படம் எடுப்பதில் பேராசை இல்லாதவர்களாக இருப்பது நல்லது. கார்த்திகைக்குள் விதி எழுதப்பட்டுவிட்டால், ராசாளி குச்சி சேர்க்கத் தொடங்கும் நேரத்தில் அது எல்லா உறுப்பினர்களின் கையிலும் இருக்கும்.

அன்புடன்,
தென் மாவட்டப் பறவை நோக்கர் ஒருவர்