கீழாநெல்லியைச் சோதிக்கும் முன்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. தேன்மொழி தன் முதுகலை ஆய்வுக்குக் கீழாநெல்லியைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. எனக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. சிறிய பூக்களைக்கூட லென்ஸ் வைத்துப் பார்த்து இனம் பிரிக்க மறுபடியும் முடிகிறது. அந்த உற்சாகத்தில் அவள் கேட்டதற்கு விரிவாகவே எழுதுகிறேன். நீ படித்துவிட்டு அவளிடம் கொடு.

செடியில் என்னென்ன வேதிப்பொருள்கள் இருக்கின்றன என்று கண்டுபிடித்து, அது கல்லீரலைக் குணப்படுத்தும் என்று நிரூபிக்கப் போவதாக எழுதியிருக்கிறாள். முதல் வேலையை அவளால் அழகாகச் செய்ய முடியும். இரண்டாவது வேலைக்கு நோயாளிகளும் மருத்துவர்களும் பல ஆண்டுகளும் வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு எழுதப்படும் ஆய்வேடுகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு வருத்தம் மிஞ்சிவிட்டது. அவளாவது அந்த வழியில் போகக் கூடாது.

முதலில், பறித்தது கீழாநெல்லிதானா என்று உறுதி செய்யச் சொல். கீழாநெல்லியான ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்னும் இனத்தோடு, அதே பேரினத்தைச் சேர்ந்த டெபிலிஸ், யூரினேரியா, மதராஸ்பட்டென்சிஸ் எல்லாம் ஒரே நிலத்தில் கலந்து முளைக்கும். காய்ந்த பிறகு பிரித்தறிவது கடினம். பூவும் காயும் வேரும் உள்ள முழுச் செடியை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, இடமும் தேதியும் எழுதி, உலர்ந்த செடிகளைப் பாதுகாக்கும் ஓர் உலர்தாவரக் காப்பகத்தில் ஒப்படைத்து எண் வாங்கிக்கொள்ள வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் எடை குறைக்க மூலிகை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை நினைத்துப் பார். ஸ்டெஃபானியா என்னும் மூலிகை இருக்க வேண்டிய இடத்தில் அரிஸ்டோலோக்கியா என்னும் நச்சுச் செடி சேர்ந்துவிட்டது. பின்னர் சிலருக்குப் புற்றுநோயும் வந்தது.

அடுத்து, சாறு எடுப்பது. நிழலில் உலர்த்திப் பொடித்து, ஹெக்சேன், எத்தில் அசிட்டேட், மெத்தனால் ஆகிய கரைப்பான்களில் வரிசையாகப் பிரித்தெடுக்கலாம். கொதிக்கும் சாக்ஸ்லெட் கருவியில் எடுத்ததையும் அறை வெப்பநிலையில் ஊறவைத்து எடுத்ததையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் என்னும் மருந்தைக் கண்டறிந்த சீன ஆய்வாளர் தூ யூயூ, சூடாக்கினால் மருந்து கெடுகிறதோ என்று ஐயுற்றுக் குறைந்த கொதிநிலை கொண்ட ஈதருக்கு மாறிய பிறகுதான் வெற்றி கண்டார்.

ஆல்கலாய்டுகளுக்கு மேயர் கரைசலில் வெண்படிவு, டானின் என்னும் துவர்ப்புப் பொருள்களுக்கு ஃபெரிக் குளோரைடில் கருநீலம் என்னும் நிறச் சோதனைகள் அரை நாள் வேலை. அவற்றை ஒரு பக்கத்தில் முடித்துக்கொள்ளலாம். அவளுடைய உழைப்பு முழுவதும் இந்தச் செடியில் உள்ள ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் ஆகிய இரண்டு லிக்னான் வகைப் பொருள்களையும் தூய மாதிரியோடு ஒப்பிட்டு, கலவையைப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்குத் தகட்டிலோ ஹெச்பிஎல்சி கருவியிலோ அளவிடுவதில் இருக்கட்டும். எந்த இனத்தில் எவ்வளவு, எந்தப் பருவத்தில் எவ்வளவு, இலையில் எவ்வளவு, தண்டில் எவ்வளவு: இவை பதில் கிடைக்கக்கூடிய கேள்விகள். வாயு நிறப்பிரிகையோடு நிறைமாலையைச் சேர்த்து (ஜிசி-எம்எஸ்) பார்த்து, கணினி தரும் பெயர்களை அப்படியே பட்டியலிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆவியாகும் பொருள்கள் மட்டுமே அதில் தெரியும். கீழாநெல்லியில் முக்கியமான ஜெரானின், கோரிலாஜின் போன்ற டானின்கள் அந்தக் கருவிக்குள் ஆவியாகாமல் நின்றுவிடும்.

ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் திறனை அளக்கும் டிபிபிஹெச் சோதனையைப் பற்றியும் கேட்டிருந்தாள். ஊதா நிறம் மஞ்சளாவது பார்க்க அழகுதான். டானின் நிறைந்த எந்தச் சாறும் அதைச் செய்யும். "நோய் தீர்க்கும்" என்ற சொல்லை அந்த அளவீட்டின் பக்கத்தில் அவள் எழுதக் கூடாது.

எலிச் சோதனைகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல். பல ஆய்வுகளில் சாற்றைச் சில நாள் கொடுத்த பிறகுதான் கார்பன் டெட்ராகுளோரைடு நஞ்சைக் கொடுக்கிறார்கள். கல்லீரல் கெடாமல் காப்பதையே அது காட்டுகிறது. நம்மிடம் வரும் நோயாளியோ கெட்ட கல்லீரலோடு வருகிறார்! இந்த வரிசை மாற்றத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை.

மனிதரிடம் நடந்த சோதனையும் உண்டு. 1988இல் சென்னை ஆய்வாளர்கள், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பெற்ற ப்ளம்பெர்க்குடன் சேர்ந்து லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கிருமியைச் சுமந்தவர்களில் 37 பேருக்கு இந்தச் செடியின் பொடியை 30 நாள் கொடுத்ததில், 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது. ஒப்பீட்டுக்காக, மருந்துச் சத்து இல்லாத வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. செடியின் இனமா, விளைந்த மண்ணா, தயாரித்த முறையா என்ற விவாதம் வெகுநாள் நடந்தது. முதல் ஆய்வு செய்தவர்கள் மீது எனக்கு மதிப்புக் குறையவில்லை. ஒப்பிடுவதற்கு வெற்று மருந்துக் குழுவை வைத்து, எண்களை வெளிப்படையாக முன்வைத்தார்கள். அதனால்தான் மற்றவர்களால் அதைச் சரிபார்க்க முடிந்தது.

காமாலையில் இந்த ஒப்பீடு ஏன் இன்றியமையாதது என்றால், கிருமியால் திடீரென வரும் காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். அந்த வாரங்களில் எதை உட்கொண்டாலும் பெருமை அதற்கே போய்ச் சேரும். தலைமுறை தலைமுறையாக மக்கள் சொன்னதை நான் ஒதுக்கவில்லை. எந்தச் செடியைத் தேட வேண்டும் என்று அவர்கள்தாம் காட்டினார்கள். நித்தியகல்யாணியைச் சர்க்கரை நோய்க்கென்று சோதிக்கப் போய், வெள்ளையணுக்கள் குறைவதைக் கண்டு, 1958இல் வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். சொன்ன நோய்க்குப் பயன்படாத செடி வேறொன்றுக்குப் பயன்படலாம். எதிர்பார்த்த விளைவு வரவில்லை என்றால் அதையும் அவள் அப்படியே எழுதட்டும். வழிகாட்டி முகம் சுளித்தாலும் எழுதட்டும்.

அடுத்த மாதம் பூக்கும் செடிகளாகப் பறித்து, ஒவ்வோர் இடத்துக்கும் தனித் தாளாக எனக்கு இரண்டு படிகள் அனுப்பச் சொல். பாலித்தீன் பையில் வேண்டாம், பூஞ்சை பிடித்துவிடும். செய்தித்தாளில் மடித்தால் போதும். ஃபில்லாந்தின் தூய மாதிரி கொஞ்சம் என்னிடம் இருக்கிறது, அதையும் அவளுக்குத் தருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன் சேகரன்