செயலாளரின் ஆண்டறிக்கை: இரண்டு டிரம்களும் ஒரு கண்ணாடிப் புட்டியும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இந்த மழையிலும் குடை பிடித்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை பந்தலூர் வட்டாரத்தில் நமது ஓடைப் பாதுகாப்புச் சங்கம் செய்த பணிகளை இங்கே வைக்கிறேன்.

செயற்குழு ஒன்பது முறை கூடியது. அதில் இரண்டு முறை போதிய பேர் வராததால் தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தோம். ஓடைக்கரையில் நெகிழிக் குப்பை அள்ளும் பணி மூன்று முறை நடந்தது. ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் நிலச்சரிவு ஏற்பட்டபோது கம்பளியும் அரிசியும் திரட்டி அனுப்பினோம். கணக்கு விவரத்தைப் பொருளாளர் தனியே படிப்பார். நான் சொல்ல வேண்டியது டிரம் விவகாரம்: சுரங்கத்து அமில நீரைச் சேற்றிலுள்ள பாக்டீரியாவால் தெளியவைக்க முடியுமா என்று இரண்டு டிரம்களில் சோதித்துப் பார்த்த கதை. அதைப் பற்றி ஊருக்குள் பலவிதமாகப் பேசிக்கொள்வதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சென்ற ஆண்டு பேரவையில் ஓர் உறுப்பினர், மேகாலயாவின் லூக்கா ஆறு குளிர்காலத்தில் நீலமாக மாறிய படத்தைக் காட்டி, "நம் ஊரிலும் பழைய சுரங்கங்கள் இருக்கின்றனவே, இப்படி ஆகுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தங்க வெறி பிடித்து வெள்ளைக்காரக் கம்பெனிகள் தேவாலாவையும் பந்தலூரையும் குடைந்து தள்ளின. தங்கம் போதவில்லை, கம்பெனிகள் போய்விட்டன, துளைகள் மட்டும் நின்றுவிட்டன. பாறையில் பைரைட் எனும் இரும்பும் கந்தகமும் கலந்த கல் இருந்தால், காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலம் ஊறும். அதை விரைவுபடுத்துவது ஒரு வகைப் பாக்டீரியா. 1947-இல் நிலக்கரிச் சுரங்க நீரில் அதைக் கண்டறிந்தார்கள். அமிலம் பாறையிலிருக்கும் செம்பு, துத்தநாகம், ஈயம் ஆகியவற்றைக் கரைத்துக்கொண்டு ஓடைக்கு வரும்.

யானைக்கும் இடிபாட்டுக்கும் பயந்து நாங்கள் சுரங்கத்துக்குள் நுழையவில்லை. வெளியே கசியும் நீரில், அமில அளவைக் காட்டும் பி.எச். தாளை நனைத்துப் பார்த்தோம். ஏழு என்றால் நடுநிலை, குறையக் குறைய அமிலம். ஆறுக்கும் ஏழுக்கும் இடையே நின்றது. அமிலம் இல்லை என்று மகிழ்ந்துவிடலாம். ஆனால் கரைந்த உலோகத்தை அந்தத் தாள் காட்டாது. அதற்கு ஆய்வகம் வேண்டும், ஆய்வகத்துக்குப் பணம் வேண்டும்.

அப்போதுதான் நமது ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், அமில நீரைத் தெளியவைக்கும் வேறொரு பாக்டீரியாவையும் சோதித்துப் பார்த்துவிடலாமே என்றார். 1895-இலேயே நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பெயரிங்க் என்ற அறிஞர் பிரித்தெடுத்த இனம் அது. நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல அது, கந்தக அமிலத்திலிருந்து நீருக்கு வரும் சல்பேட்டைச் சுவாசிக்கிறது. காற்றில்லாத சேற்றில் வாழும்; மட்கும் பொருளைத் தின்று, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடை விடும். கரைந்த உலோகம் அதோடு சேர்ந்து சல்பைடாகிக் கருப்பாகப் படியும். கூடவே உண்டாகும் பைகார்பனேட் அமிலத்தைத் தணிக்கும். அதே நெதர்லாந்தில் பூடல் என்ற ஊரின் துத்தநாக ஆலை 1992 முதல் நிலத்தடி நீரை இப்படிச் சுத்திகரிக்கிறது; படிந்த துத்தநாகத்தைத் திரும்ப உலைக்கே அனுப்புகிறது. கழிவே கச்சாப்பொருள் ஆவது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

கூடலூர்ப் பக்கத்து நெல்வயலில் ஒரு வாளி கருஞ்சேறு, மாட்டுச் சாணம், வைக்கோல், சுண்ணாம்புக்கல் சல்லி, கொஞ்சம் வெல்லத் தண்ணீர். இவற்றை இரண்டு டிரம்களில் போட்டு மூடி, என் வீட்டுக் கொல்லையில் வெட்டவெளியில் வைத்தோம். அமிலச் சுரங்க நீருக்குப் பதிலாக மயில்துத்தம் எனும் நீல நிறச் செம்பு உப்பைக் கரைத்து, பேட்டரி அமிலம் சில துளி விட்ட நீர்.

முதல் டிரம்மில் அவசரப்பட்டு மறுநாளே ஊற்றினேன். இந்தத் தவறு முழுக்க என்னுடையது. செம்பு அதிகமானால் பாக்டீரியாவே செத்துவிடும். நீரின் நீலம் வெளுத்தது, பி.எச். ஏறியது, நானும் வெற்றி என்று தலைவருக்குப் போன் செய்துவிட்டேன். ஆசிரியர் வந்து சல்லிக் கற்களை ஒரு குச்சியால் புரட்டிக் காட்டினார். ஒவ்வொன்றிலும் பாசி படர்ந்தாற்போல் பச்சை கலந்த நீலப் பூச்சு. "இது சுண்ணாம்பு செய்த வேலை, உங்கள் பாக்டீரியா இன்னும் வேலைக்கே வரவில்லை" என்றார்.

இரண்டாவது டிரம்மை நான்கு வாரம் தொடவில்லை. நாற்றம் எழுந்த பிறகே, நாளுக்கு ஒரு குவளை வீதம் ஊற்றினோம். நீல நீர் உள்ளே போனது. அடியிலிருந்த குழாயைத் திறந்தால் கலங்கலாக, ஆனால் நீலமே இல்லாமல் வந்தது. கற்கள் கரி பூசினாற்போல் கறுத்திருந்தன. மார்கழிக் குளிரில் வேலை மந்தமாகி, நீர் மறுபடி இளநீலமாக வந்தது. பங்குனி வெயிலில் தேறியது. பக்கத்து வீட்டம்மா நாற்றத்துக்காக இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அவர் கோபத்தில் நியாயம் உண்டு: அந்த வாயு நச்சு; அறைக்குள் இதைச் செய்து பார்க்க யாரும் துணியக் கூடாது.

இதற்குள் சங்கம் ஓடையையே சுத்தம் செய்துவிட்டதாக ஒரு செய்தி பரவிவிட்டது. நாம் ஓடையில் ஒரு துளிகூட விடவில்லை. ஓர் உறுப்பினர், 2001-இல் மூடப்பட்ட கொடைக்கானல் வெப்பமானி ஆலையின் பாதரச மண்ணுக்கு நமது சேற்றை அனுப்பலாமே என்று எழுதியிருந்தார். நல்லெண்ணம்தான், ஆனால் கூடாது. இதே வகைப் பாக்டீரியா பாதரசத்தை மெத்தில் பாதரசம் எனும் கொடிய நச்சாக்கவும் வல்லது. அது மீனின் உடலில் சேர்ந்து, மீனைத் தின்பவருக்கும் வரும். பழைய தங்கப் பட்டறைகளிலும் தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் பயன்படுத்துவது வழக்கம் என்பதால், நமது ஓடைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். முதலில் ஆய்வக அறிக்கை, பிறகுதான் சேறு. வரும் ஆண்டின் முதல் தீர்மானமாக இதை முன்மொழிகிறேன்.

டிரம்மின் அடியில் வழித்தெடுத்த கருப்புப் படிவு ஒரு கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி, சங்க அலமாரியில் ரசீதுப் புத்தகங்களுக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளே இருப்பது செம்பு. காற்றுப் பட்டால் மெல்ல மறுபடி கரையக்கூடியது, கால்வாயில் கொட்டிவிட முடியாது. அதை எங்கே ஒப்படைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. புதிய செயலாளர் சாவியோடு புட்டியையும் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.