இருண்ட முகங்கள் பிலிமின் அழகு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில், கல்யாண வீடுகளில் சூப்பர் 8 என்கிற, 8 எம்.எம். அகலப் பிலிமில் வீட்டுப் படம் எடுக்கிற சின்னக் கேமரா மறுபடி தலைகாட்டுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இதற்கெல்லாம் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் கலங்கலான நிறமும் இருண்ட முகங்களும்தான் இந்தப் பிலிமின் தனி அழகு என்கிற மாதிரி அதில் எழுதியிருந்தது படித்ததிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த இருட்டு பிலிமோடு கூடப் பிறந்தது இல்லை, எடுத்தவர் வெளிச்சத்தைச் சரியாக அளக்காததால் வந்தது. எக்ஸ்போஷர், அதாவது பிலிமில் விழுகிற வெளிச்சத்தின் அளவு, சரியாக அமைந்த ஒரு 8 எம்.எம். ரீலை நல்ல புரொஜெக்டரில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள்.

எங்கள் பெரியப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். 70களில் ஊருக்கு வரும்போதெல்லாம் சூப்பர் 8 கேமராவும் கோடாக்குரோம் கலர் பிலிமும் கொண்டுவருவார். அவர் எடுத்த ஒரு ரீல் இப்போது என்னிடம் இருக்கிறது. அதன் முதல் காட்சி காலை வெயிலில் வாசல். பெரியம்மா கோலம் போட்டு முடித்துக் காவி பூசுகிறார், அரக்குப் புடவை, குனிந்து நிமிரும்போது கரையின் ஜரிகை பளிச்சென்று மின்னி அடங்குவது தெரிகிறது, அந்தக் காவியின் சிவப்பு இன்னும் அப்படியே ஈரமாக இருக்கிற மாதிரி இருக்கும். அடுத்த காட்சி அதே நாள் மத்தியானம், கோயில் குளக்கரை. வெள்ளை வேட்டி சட்டையில் ஆண்கள் எல்லோரும் வானத்துக்கு முதுகைக் காட்டி வரிசையாக நிற்கிறார்கள், ஒரு முகமாவது தெரியவேண்டுமே, சிரிக்கும்போது பல் மட்டும்தான் தெரிகிறது. அவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. ஒரே ரீல், ஒரே கேமரா, கழுவியதும் ஒரே இடத்தில்தான். முதல் காட்சியில் மண் தரையும் சுவரும் நடுத்தரமான வெளிச்சத்தில் இருந்தன, கேமராவின் கணக்கு சரியாக வந்தது. இரண்டாவதில் பாதிச் சட்டம் வானம், மீதியில் முக்கால்வாசி வெள்ளைத் துணி, இதற்கெல்லாம் சராசரி போட்டுக் கேமரா தானாகவே அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழைகிற துவாரத்தை, சுருக்கிவிட்டது. வித்தியாசம் அவ்வளவுதான்.

சின்னப் பிலிமில் என்ன பெரிதாகத் தெரிந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு உலகமே பார்த்த ஓர் உதாரணம் உண்டு. 1963 நவம்பர் 22, டல்லாஸ் நகரில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டதைப் படம் பிடித்தவர் ஆபிரகாம் சப்ரூடர் என்ற உடை வியாபாரி. பத்திரிகைக்காரர் இல்லை, சினிமாக்காரரும் இல்லை. கையில் இருந்தது பெல் அண்ட் ஹவல் நிறுவனத்தின் 8 எம்.எம். வீட்டுக் கேமரா, உள்ளே கோடாக்குரோம் 2 பிலிம். சுமார் 26 விநாடி, 486 பிரேம். ஒவ்வொரு பிரேமும் 5 மில்லிமீட்டர் அகலம்கூட இல்லை. அந்த நேரத்தில் நல்ல வெயில் அடித்தது, எக்ஸ்போஷர் பிசகாமல் அமைந்தது, அதனால்தான் 60 வருஷத்துக்கு மேலாகியும் அதன் ஒவ்வொரு பிரேமையும் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். 1965இல் வந்த சூப்பர் 8 இன்னும் வசதி, பிலிமின் ஓரத்தில் இருக்கிற துளைகளைச் சிறியதாக்கியதால் படத்துக்குச் சுமார் ஒன்றரை மடங்கு இடம் கிடைத்தது. ஆக, சின்னது என்பதால் மங்கலாகத்தான் இருக்கும் என்பதற்கு ஆதாரமே இல்லை.

சரி, எப்படி அளப்பது? கேமராவில் வெளிச்சத்தை அளக்கிற மீட்டருக்கு முகம் எது, வானம் எது என்று தெரியாது. தன் முன்னால் இருப்பது எல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டு அதற்கேற்ப அப்பர்ச்சரைத் திறக்கும், மூடும். வெள்ளை வேட்டியைக் காட்டினால் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், கூடவே முகமும் இருண்டுபோகும். நம் ஊர் முகங்களுக்கு இது முக்கியமான விஷயம், ஏனென்றால் கறுப்பான முகமும் வெளுத்த துணியும் உச்சி வெயிலும் ஒரே சட்டத்தில் வருவது இங்கே தினசரிக் காட்சி. அதனால் பட்டனை அழுத்துவதற்கு முன் யாரை எடுக்கிறீர்களோ அவர் பக்கத்தில் போங்கள். போக முடியாவிட்டால், லென்ஸ் வழியாகவே வெளிச்சத்தை அளக்கிற கேமராவாக இருந்தால் ஜூமை முழுக்க இழுத்து முகம் மட்டும் சட்டத்தில் நிறைகிற மாதிரி வைத்து அளவைப் பாருங்கள். வந்த அளவைப் பூட்டிவிட்டு அப்புறம் ஜூமைத் திருப்பிக்கொண்டு எடுக்கலாம். முகம் நல்ல கறுப்பாக இருந்தால் மீட்டர் கொஞ்சம் அதிகமாகவே திறக்கச் சொல்லும், அதில் அரை ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) குறைத்துக்கொண்டால் அந்த நிறம் அந்த நிறமாகவே வரும். இன்னொரு வழி உங்கள் சொந்த உள்ளங்கை. அவர் முகத்தில் விழுகிற அதே வெளிச்சத்தில் கையை நீட்டி அளந்துவிட்டு, அதிலிருந்து ஒரு ஸ்டாப் திறந்தால் பெரும்பாலும் சரியாக வரும், ஏனென்றால் உள்ளங்கை யாருக்கும் கொஞ்சம் வெளுப்புதான்.

பூட்டுவது என்று சொன்னேனே, அது வெறும் சௌகரியத்துக்காக இல்லை. அப்பர்ச்சரைத் தானியங்கி முறையில் விட்டுவிட்டுக் கேமராவை இடமிருந்து வலமாகத் திருப்பினால், பந்தலின் நிழல் முடிந்து வெயில் வருகிற இடத்தில் அப்பர்ச்சர் தானாகச் சுருங்குவது படத்தில் அப்பட்டமாகத் தெரியும், காட்சி நடுவில் ஒரு தடவை அமுங்கி எழுந்த மாதிரி இருக்கும். கையால் மாற்ற வசதியில்லாத சின்னக் கேமராக்களில்கூடப் பின்வெளிச்சப் பட்டன் என்று ஒன்று பல நேரம் இருக்கும், முதுகுக்குப் பின்னால் வானம் இருக்கும்போது அதை அழுத்தினால் ஒரு ஸ்டாப் அளவுக்குத் திறந்து கொடுக்கும். கேமராவை வாங்கிய நிறைய பேர் அந்தப் பட்டனைத் தொட்டதே இல்லை!

பிலிம் வாங்குவதிலும் ஒரு குழப்பம் நடக்கிறது. 50, 200, 500 என்று கோடாக் நெகட்டிவ் பிலிம்கள் (நிறமும் வெளிச்சமும் தலைகீழாகப் பதிகிறவை) கிடைக்கின்றன, அந்த எண் பிலிமின் வேகம், அதாவது வெளிச்சத்தை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கும் என்பது, 500தான் பெரிய எண், அதுதான் உசத்தி என்று வாங்கிக்கொண்டு வெளியே போய் எடுக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 18 பிரேம் ஓடும்போது ஒரு பிரேமுக்குக் கிடைப்பது சுமாராக 1/40 விநாடி. நல்ல வெயிலில் 50 பிலிமுக்கே எஃப் 16 வரை (இந்த எண் கூடக் கூடத் துவாரம் சிறியது) மூட வேண்டியிருக்கும். 500 என்றால் இன்னும் மூன்று ஸ்டாப்புக்கு மேல் மூடவேண்டும், அந்த லென்ஸில் அதற்கு இடமே இருக்காது. லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி மாதிரி ஓர் என்.டி. பில்ட்டர் போட்டால்தான் தப்பிக்கலாம். வெளியே எடுக்க வெயில் வெளிச்சத்துக்கான 50 டே லைட், மண்டபத்துக்குள் எடுக்க 500 என்று வைத்துக்கொள்வது நல்லது. மேடை விளக்கு பலமாக இருந்தால் டிரை எக்ஸ் என்கிற கறுப்பு வெள்ளைப் பிலிமும் அருமையாக இருக்கும், மஞ்சள் பல்பும் வீடியோக்காரரின் வெள்ளை எல்.இ.டி.யும் கலந்து நிறத்தைக் கெடுக்கிற தொல்லை அதில் கிடையாது.

200உம் 500உம் பல்பு வெளிச்சத்துக்காகச் செய்தவை. அவற்றை வெயிலில் எடுக்கும்போது கேமராவுக்குள் இருக்கிற ஆரஞ்சு பில்ட்டர் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் நீலம் பூத்துவிடும். அப்புறம், பல சின்னக் கேமராக்களுக்கு 40, 160 என்கிற இரண்டு வேகம்தான் தெரியும். பிலிம் அடைத்து வருகிற பெட்டியான கார்ட்ரிட்ஜில் இருக்கிற வெட்டை வைத்து அந்த இரண்டில் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்ளும். கையேட்டைத் தேடிப் படித்துவிட்டுப் பிலிம் வாங்குங்கள், பழைய கேமராக்களின் கையேடுகள் நிறைய இணையத்தில் கிடைக்கின்றன.

நெகட்டிவா ரிவர்சலா என்பதையும் மனதில் வைக்கவேண்டும். நெகட்டிவில் சந்தேகம் வந்தால் தாராளமாகத் திறங்கள், வெளிச்சம் ஒரு ஸ்டாப் கூடி ஓவர் ஆனாலும் அது தாங்கும், குறைந்து அண்டர் ஆனால்தான் நிழலெல்லாம் சேறாகி, கிரெய்ன் என்கிற புள்ளிகள் பொங்கி, கட்டுரையாளர் அழகு என்று எழுதிய அந்தக் கலங்கல் வரும். எக்டாகுரோம் மாதிரி ரிவர்சல் பிலிம் அப்படியே இதற்கு நேர்மாறு, கழுவி வந்ததை நேரே புரொஜெக்டரில் போட்டு ஓட்டுகிறோம், அதில் அரை ஸ்டாப் பிசகினாலே கண்ணுக்குத் தெரியும், வெளுத்துப்போன இடத்தை யாராலும் மீட்க முடியாது. முதல் தடவை எடுப்பவர்களுக்கு நான் எப்போதும் நெகட்டிவைத்தான் சொல்வேன். ஒரு கார்ட்ரிட்ஜ் 50 அடி, 18 பிரேமில் 3 நிமிஷம் 20 விநாடி, 24 பிரேமில் இரண்டரை நிமிஷம். வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்து முடிப்பதற்குள் ஆயிரக்கணக்கில் செலவாகிவிடுகிறது, அந்தக் காசுக்கு முகமாவது தெரியவேண்டும்.

பழைய கேமராவின் மீட்டரை அப்படியே நம்பிவிடாதீர்கள். 60களிலும் 70களிலும் வந்த பல கேமராக்களில் மோட்டாருக்கு ஒரு பேட்டரி, மீட்டருக்குத் தனியாக ஒரு பொத்தான் பேட்டரி. அது 1.35 வோல்ட் பாதரசப் பேட்டரி, இப்போது விற்பனையில் இல்லை. அளவு பொருந்துகிறதே என்று 1.5 வோல்ட் அல்கலைன் பேட்டரியைப் போட்டுவிடுகிறார்கள். பல கேமராக்களில் அதனால் மீட்டர் வெளிச்சம் அதிகமாக இருக்கிறது என்று ஏமாந்து அப்பர்ச்சரைச் சுருக்கிவிடும், ரீல் முழுக்க அண்டர் ஆகும். காது கேட்கும் கருவிக்குப் போடுகிற 675 துத்தநாகப் பேட்டரி 1.4 வோல்ட் கொடுக்கும், அதை வாங்கி ஒரு சின்ன வளையம் வைத்துப் பொருத்தினால் போதும், மருந்துக் கடையிலேயே கேட்டுப் பார்க்கலாம். அப்படியும் பிலிம் போடுவதற்கு முன்னால் ஒரு டிஜிட்டல் கேமராவில் அதே ஐ.எஸ்.ஓ.வும் (பிலிமின் வேக எண்) 1/40 விநாடியும் வைத்து, ஒரே சுவரை இரண்டிலும் அளந்து பாருங்கள். ஒரு ஸ்டாப் வித்தியாசம் காட்டினால் அதைக் குறித்து வைத்துக்கொண்டு எடுக்கவேண்டியதுதான். பிலிமை ஃபிரிட்ஜில் வைத்திருந்தால், நம் ஊர் ஈரப்பதத்துக்கு, எடுத்தவுடனே உறையைப் பிரிக்கக் கூடாது, சில மணி நேரம் வெளியே இருக்கட்டும்.

கல்யாணத்துக்குப் பிலிமில் எடுத்துத் தருகிறோம் என்று சொல்கிற இளைஞர்களிடம் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, அவர்கள் இதைத் தொடவேண்டும், நிறைய எடுக்கவேண்டும். ஆனால் மணப்பெண்ணின் முகம் தெரியாத ரீலைக் கொடுத்துவிட்டுப் பிலிம் என்றால் இப்படித்தான் என்று சொல்லாதீர்கள். பெற்றோர்களும் அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம், மீட்டரில் எப்படி அளந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

வீட்டுப் பரணில் பழைய ரீல் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு செய்தி, இதை நீங்கள் ஒரு பெட்டிச் செய்தியாகவே போடலாம். படம் இருட்டாக இருக்கிறதே என்று தூக்கிப் போடாதீர்கள். ஸ்கேன் செய்யக் கொடுக்கும்போது, ஆட்டோ எக்ஸ்போஷரை நிறுத்திவிட்டு ஒவ்வொரு காட்சிக்கும் தனியாக வெளிச்சம் வைத்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். புரொஜெக்டரில் வெறும் கறுப்பாகத் தெரிகிற முகத்தில்கூட மெல்லிசாகக் கொஞ்சம் விவரம் பிலிமில் தங்கியிருக்க வாய்ப்பு உண்டு, சுவரில் ஓட்டி மொபைலில் எடுத்தால் அது வரவே வராது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி.