பரணியைப் பிரித்து அச்சிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சோழர் கலிங்கத்தை வென்ற போரைப் பாடும் கலிங்கத்துப்பரணி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். போர் தொடங்கும் இடத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது ‘ஓசையை நிரப்பத்தான்’ என்று கட்டுரையாளர் ஒரு வரியில் முடித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பாட்டை ‘எடும் எடும் எடும் என எடுத்தது ஓர்’ என்று பிரித்துப் போட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நூலை இயற்றிய செயங்கொண்டாரின் பாட்டு சீர்படி, அதாவது ஓசைத் துண்டுகளாகப் பிரித்தால், இது:

எடுமெடு மெடுமென வெடுத்ததோர்
இகலொலி கடலொலி இகக்கவே
விடுவிடு விடுபரி கரிக்குழாம்
விடும்விடு மெனுமொலி மிகைக்கவே

சீர்களை அசை பிரித்து அலகிட்டுப் பாருங்கள். பன்னிரண்டு சீரும் கருவிளம் என்ற ஒரே வாய்பாடு, ஒன்றுகூடத் தப்பவில்லை. மேலே இரண்டிரண்டு வரி சேர்ந்தது ஓர் அடி; ஆறு சீர் கொண்ட அந்த அடி ஒவ்வொன்றிலும் மூன்றாவது, ஆறாவது சீர்களில் மட்டுமே நெடில் வருகிறது: ததோர், கவே, குழாம், கவே. மற்றதெல்லாம் குறில் ஓட்டம். ஓடுகிற குதிரை மூச்சு வாங்க இரண்டே இடம் விட்டிருக்கிறார் மனுஷன்! எடு-விடு எதுகையும் இகக்கவே-மிகைக்கவே இயைபும் சொல்லாமலே காதில் விழும். வகுப்பில் இதை வாசிக்கும்போது பையன்கள் பெஞ்சில் தாளம் போடுவார்கள். நான் தடுத்ததில்லை.

அப்புறம், கலிங்கர் தோற்று ஓடும் இடம். ‘ஒருவ ரொருவரி னோட முந்தினர்’ என்பதில் புளிமா, கருவிளம், தேமா, கூவிளம் என நாலு சீரும் நாலு விதம். படை பாயும்போது ஒரே சீராக ஓடிய ஓசை, இங்கே கால் இடறுகிறது. அதே பாட்டில் அவர்கள் ‘அபயம் அபயம்’ என்று நடுங்குகிறார்கள். அடைக்கலம் கேட்கிற சொல்தான், சரி. ஆனால் இந்நூல் முழுக்க, வென்ற சோழ மன்னன் குலோத்துங்கனுக்கு அபயன் என்று ஒரு பெயர் உண்டு. தோற்றவன் வாயில் இரண்டு முறை வருவது வென்றவன் பெயருந்தான். அதையும் ஓசை நிரப்பல் என்று தள்ள முடியுமா?

பொருள் விளங்கச் சந்தி பிரிப்பது தேவைதான், நானும் பிரித்துத்தான் பாடம் நடத்தினேன். ஆனால் சீர் பிரித்த வடிவத்தை மேலே போட்டு, பதம் பிரித்ததைக் கீழே சின்ன எழுத்தில் தாருங்கள். இரண்டு வரி இடம் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
கும்பகோணம்