இ20 பெட்ரோலும் பழைய என்ஜின்களும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். வண்டிக்கு ஸ்டாண்டு போடும் முன்பே பலர் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: "இந்த எத்தனால் பெட்ரோல் என் வண்டியைக் கெடுத்துவிடுமா?" கையில் ஸ்பேனரோடு ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட, ஒருமுறை உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

தினமும் ஓடுகிற வண்டிக்கு அவ்வளவு பயமில்லை. மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கும், வயலுக்குப் போகும் விசைத்தெளிப்பானுக்கும்தான் கேடு.

2023 பிப்ரவரியில் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் (கரும்பு, தானியம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் ஆல்கஹால்) கலந்த பெட்ரோல், விற்பனைக்கு வந்தது. 2025-க்குள் ஏறக்குறைய எல்லா பங்க்குகளிலும் அதுவே என்றாகிவிட்டது. 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான வண்டிகளின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் அதைத் தாங்கும். அதற்கு முந்தியவை பெரும்பாலும் 10 சதவீதத்துக்கோ அதற்கும் குறைவான கலப்புக்கோ செய்யப்பட்டவை. உங்கள் வண்டி எந்த ரகம் என்பது கையேட்டில் இருக்கும். புதிய வண்டியானால் டேங்க் மூடிக்கு அருகே இ20 என்று ஒட்டியிருப்பார்கள்.

முதலில் மைலேஜ். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பழைய இரு சக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் குறையும் என்று மத்திய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது. 60 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 58 கொடுத்தால் அது எத்தனாலின் கணக்கு. 40 கொடுத்தால் பழியை எத்தனால் மேல் போடாமல் வண்டியைக் கொண்டுவாருங்கள். பிரேக் உரசுகிறதா, ஏர் பில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

அடுத்தது காற்றுக் கணக்கு. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏனென்றால் அதற்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. 2020-க்குப் பின் வந்த பிஎஸ்-6 (புதிய புகை விதிப்படி செய்த) வண்டிகளில் சென்சார் இதை மோப்பம் பிடித்து எரிபொருளைக் கூட்டிக் கொடுக்கும். பழைய வண்டியில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளை எவ்வளவோ அவ்வளவுதான் விடும். அதனால் காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இல்லாமல் கலவை மெலிந்து, காலையில் சோக் போடாமல் கிளம்ப மறுக்கும்; ஆக்ஸிலேட்டரை விட்டதும் சைலன்ஸரில் படபடக்கும். ட்யூனிங்கில் ஓரளவு சரிசெய்யலாம், தேவைப்பட்டால் ஒரு அளவு பெரிய ஜெட் போடலாம். உங்கள் வண்டியை ஓட்டிப் பார்க்காமல் நாங்கள் ஜெட்டை மாற்றுவதில்லை.

இப்போது நிற்கிற வண்டிக்கு வருகிறேன். எத்தனால் தண்ணீரை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றும், மூடி வழியே கசியும் மழைநீரும் டேங்கில் சேரச் சேர, ஓர் அளவு வரை எத்தனால் அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். பெட்ரோல் டேப் இருப்பதும் அடியில்தான்.

பணிமனைக்கு வந்தால் நேரில் காட்டுகிறோம். அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீரும் 90 மில்லி பெட்ரோலும் ஊற்றி, மூடிக் குலுக்கி வைப்போம். கலப்பில்லாத பெட்ரோலானால் அடியில் தண்ணீர் 10-இலேயே நிற்கும். இ20 என்றால் கோடு 30-ஐ நெருங்கி ஏறிவிடும். இதைப் பார்த்துவிட்டு, "அப்படியானால் தண்ணீர் ஊற்றி எத்தனாலைப் பிரித்துவிடலாமே" என்று சிலர் கிளம்புகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஆக்டேன் குறைந்து என்ஜின் தட்டும், மிஞ்சிய ஈரம் டேங்கைத் துருவாக்கும், வீட்டில் தீ விபத்துக்கும் வழி.

அப்படி நின்ற வண்டியின் கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றினால் சுவரில் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி பூத்திருக்கும். உலோகக் கலவையை ஈரம் அரித்த அடையாளம் அது. மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் சிறிய பைலட் ஜெட்டில் பழுப்புப் பிசின் அடைத்திருக்கும். அந்தத் துளையைக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். துளை பெரிதாகிவிட்டால் ஜெட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

டூ-ஸ்ட்ரோக் என்ஜின் உள்ள விசைத்தெளிப்பான், புல்வெட்டும் இயந்திரம், பழைய டிவிஎஸ் 50 ஆகியவற்றில் ஆயிலையும் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுகிறோம். அடியில் பிரிந்து நிற்கும் திரவத்தில் ஆயில் இருக்காது, அது மேலே பெட்ரோலோடு போய்விடும். என்ஜின் முதலில் குடிப்பது ஆயிலில்லாத அந்த அடிமட்டத்தை. பிஸ்டன் பிடித்துக்கொள்ள அதிக நேரம் ஆகாது. பாதுகாப்புக்காக ஆயிலைக் கூடுதலாக ஊற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆயில் கூடினால் ஜெட் வழியே போகும் பெட்ரோலின் பங்கு குறைந்து கலவை இன்னும் மெலியும். கையேட்டில் உள்ள அளவே சரி.

மார்கழியில் மருந்தடித்துவிட்டு ஆடி வரை மூலையில் வைக்கும் தெளிப்பானின் டேங்கைச் சுத்தமாக வடித்துவிட்டு, தானாக நிற்கும் வரை ஓட்டிவிட்டு வையுங்கள். பைக்கின் இரும்பு டேங்க்குக்கு இது பொருந்தாது, காலியாக இருந்தால் துருப்பிடிக்கும். ஓரிரு மாதம் ஊரில் இல்லையென்றால் கழுத்து வரை நிரப்பி, டேப்பை மூடி, கார்புரேட்டர் வற்றும் வரை ஓட்டிவிட்டுப் போங்கள். கேனில் வாங்கி வைக்கும் பெட்ரோலை இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். கடைகளில் விற்கும் சேர்மான மருந்துகள் பெட்ரோல் கெடுவதைத் தள்ளிப்போடலாம். பிரிந்துபோனதை மறுபடி சேர்க்காது.

பழைய ரப்பர் ஹோஸ், ஓ-ரிங், கார்புரேட்டர் டயாபிரம் ஆகியவை ஊதியோ விறைத்தோ போகும். எத்தனாலைத் தாங்கும் ஃப்ளூரோ ரப்பரில் இவை கிடைக்கின்றன. விலை கூடுதல்தான், கசிந்த பெட்ரோல் சூடான சிலிண்டரில் சொட்டுவதை நினைத்தால் கணக்குப் பார்க்கத் தோன்றாது.

"பிரேசிலில் ஓடவில்லையா?" என்றும் கேட்கிறார்கள். ஓடுகிறது. 1970-களின் இறுதியிலிருந்தே அங்கே எத்தனாலுக்கென்று கார் செய்கிறார்கள். 2003 முதல் எந்தக் கலப்பையும் ஏற்கும் ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் கார்கள் வந்துவிட்டன. நம் ஓசூர் டிவிஎஸ் நிறுவனமும் 2019-இல் எத்தனாலில் ஓடும் அப்பாச்சியை வெளியிட்டது. 2024 முதல் சில பங்க்குகளில் கிடைக்கும் எத்தனால் 100 (பெரும்பகுதி எத்தனாலேயான எரிபொருள்) அத்தகைய வண்டிகளுக்கு மட்டுமே. சாதாரண பைக்கில் அதை அடித்துக்கொண்டு வராதீர்கள்.

மழைக்கு முன் தெளிப்பான்களையும் பழைய வண்டிகளையும் கொண்டுவந்தால் ஹோஸையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் கட்டணமின்றிப் பார்த்துத் தருகிறோம். வடித்த பழைய பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றாமல் மூடிய கேனில் எடுத்துவாருங்கள். பாகம் கழுவ எங்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
உங்கள் பணிமனையார்