துப்பாக்கி "தானா" வெடிச்சுதுன்னு எழுதாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல மட்டும் இல்ல, எல்லா பேப்பர்லயும் அப்பப்போ ஒரு சின்ன செய்தி வரும், ஆறு ஏழு வரிக்கு மேல இருக்காது. "துப்பாக்கியை சுத்தம் செய்தபோது எதிர்பாராதவிதமாக குண்டு பாய்ந்தது". அதோட முடிஞ்சிடும். படிக்கறவங்க என்ன நினைப்பாங்க? சுத்தம் பண்றதே ஆபத்தான வேலை போல, துணிய வச்சு தொடச்சா வெடிச்சிடும் போலன்னுதானே? அந்த ஒரு வரியத்தான் நான் குறை சொல்றேன். சுத்தம் பண்றதால எந்த பிஸ்டலும் வெடிக்காது. வெடிக்கறது சுத்தம் பண்றதுக்கு முன்னாடி இருக்கற அந்த பத்து செகண்ட்ல, பிரிக்கறோம்னு உக்காந்து எரிச்சல்ல எதையோ மாத்தி செய்யற அந்த பத்து செகண்ட்ல.

நான் பல வருஷமா டார்கெட் ஷூட்டிங் பண்றவன். நிபுணர் எல்லாம் கிடையாது, ஆனா பிஸ்டலை பிரிக்கறதுல ஒரு மனுஷன் என்னென்ன கிறுக்குத்தனம் செய்ய முடியுமோ அதுல முக்காவாசி செஞ்சு முடிச்சவன், அந்த தகுதில எழுதறேன்.

முதல்ல அந்த பத்து செகண்ட். மேகசினை, அதாவது கைப்பிடிக்குள்ள தோட்டா அடுக்கியிருக்கற டப்பாவை, வெளிய எடுக்கணும், அதுக்கு அப்புறம்தான் ஸ்லைடை, அதாவது மேல முன்னும் பின்னும் நகர்ற பாகத்தை, பின்னால இழுக்கணும். கேட்டா சின்ன புள்ளை பாடம் மாதிரி இருக்கும். இதை மாத்தி செஞ்சா என்ன ஆகுதுன்னு பாருங்க. மேகசின் உள்ள இருக்கும்போதே ஸ்லைடை இழுத்தா சேம்பர்ல, அதாவது சுடறதுக்கு தோட்டா உக்கார்ற அறைல, இருந்த ரவுண்டு (தோட்டா) டிங்குன்னு வெளிய வந்து விழும், நாமளும் கண்ணால பாக்கறோம், சரி காலி ஆயிடுச்சுன்னு மனசு சொல்லிடும், ஆனா ஸ்லைடு திரும்ப முன்னாடி போகும்போதே மேகசின்லேர்ந்து அடுத்த ரவுண்டை தள்ளிட்டு போய் சேம்பர்ல உக்கார வச்சிடும். அதுக்கு அப்புறம் மேகசினை எடுக்கறோம். கைல மேகசின், தரைல ஒரு தோட்டா, பிஸ்டல் காலின்னு சொல்ல ரெண்டு சாட்சி. ரெண்டுமே பொய் சாட்சி.

இன்னொரு நம்பிக்கை இருக்கு, மேகசின் இல்லன்னா பிஸ்டல் சுடாதுன்னு. சிலது சுடாதுதான், 1935-ல வந்த பிரவுனிங் ஹை பவர்ல மேகசினை எடுத்துட்டா ட்ரிக்கர் வேலை செய்யாத மாதிரி ஒரு ஏற்பாடு உண்டு. அதுல பழகினவங்க அடுத்த பிஸ்டலுக்கு போனாலும் அதே நினைப்புல இருப்பாங்க, ஆனா பெரும்பாலான பிஸ்டல்ல சேம்பர்ல ஒரு ரவுண்டு இருந்தா போதும், மேகசின் எங்க இருக்குன்னு அது கவலைப்படாது.

ட்ரிக்கர்னு சொன்னதும் க்ளாக் பிஸ்டல் விஷயத்துக்கு வரணும். 1982-ல ஆஸ்திரிய ராணுவத்துக்காக வந்த டிசைன், மொத்தமே 34 பாகம், பிரிக்கறது ரொம்ப ஈசின்னு எல்லாரும் சொல்வாங்க, ஈசிதான். ஆனா ஸ்லைடை கழட்டணும்னா முதல்ல ட்ரிக்கரை அழுத்தியே ஆகணும், அப்புறம் ஸ்லைடை ஒரு 3 மில்லிமீட்டர் போல லேசா பின்னால இழுத்துட்டு, ரெண்டு பக்கமும் இருக்கற சின்ன லாக்கை கீழ இழுத்து பிடிச்சுக்கிட்டு, ஸ்லைடை முன்னாடி விடணும். புதுசா பண்றவன் 3 மில்லிமீட்டர்ல எங்க நிப்பான், பயத்துல நல்லா இழுத்துடுவான், இழுத்ததும் உள்ள திரும்ப காக் ஆயிடும், அதாவது சுடறதுக்கு தயாராயிடும், ஸ்லைடு வராது. திரும்ப ட்ரிக்கரை அழுத்து, திரும்ப இழு. அந்த லாக்கும் விரல் நுனில வழுக்கற அளவுக்கு பொடிசு. நாலாவது தடவைல நெத்தில வேர்க்கும், வாய்ல நல்ல வார்த்தை வராது. இதுக்கு நடுவுல போன் அடிக்கும், எழுந்து போய் பேசிட்டு வருவோம், பேசிட்டு இருக்கும்போதே பழக்க தோஷத்துல மேகசினை திரும்ப சொருகி வச்சிருப்போம், வந்து உக்காந்ததும் "முன்னாடியே செக் பண்ணியாச்சே"ன்னு அஞ்சாவது தடவையா ஆரம்பிப்போம். ஆபத்து இங்கதாங்க. மூணு நாலு தடவை ட்ரிக்கரை அழுத்தி ஒண்ணும் ஆகலன்னதும் அந்த விரலுக்கு பயமே போயிடுது.

ட்ரிக்கரை அழுத்தாமலே பிரிக்கற டிசைன் எல்லாம் இப்போ இருக்கு. 2014-ல வந்த சிக் சாவர் பி320-ல மேகசினை எடுத்து ஸ்லைடை பின்னால லாக் பண்ணாத்தான் பிரிக்கற லீவரே திரும்பும், அதாவது மனுஷன் மறந்தாலும் பிஸ்டல் ஞாபகப்படுத்தும். பெரெட்டா 92-ஐ பிரிக்கறது பாக்கவே அழகா இருக்கும், வலது பக்கம் ஒரு பட்டனை அழுத்தி இடது பக்கம் லீவரை திருப்பினா ஸ்லைடும் பேரலும் (குண்டு போற குழாயும்) ஒண்ணா முன்னாடி வந்துடும். ஆனா எந்த டிசைனா இருந்தாலும் சேம்பருக்குள்ள கண்ணால பாத்து, சுண்டுவிரலை விட்டு தடவி பாத்துட்டுத்தான் நான் அடுத்த வேலைக்கு போறது. லைட் சரியா இல்லாத ரூம்ல கண்ணு ஏமாத்தும், விரல் ஏமாத்தாது.

இப்போ என் கதை. 1911 மாடல்ல ஒண்ணு என் கைக்கு வந்தது. ஜான் பிரவுனிங் டிசைன், அமெரிக்க ராணுவம் 1911-ல எடுத்துக்கிட்டதால அந்த பேரு, நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் இன்னைக்கும் செய்யறாங்க. இதுல பேரலுக்கு கீழ ரீகாயில் ஸ்பிரிங் இருக்கு, அதோட முனைல ஒரு குட்டி தொப்பி மாதிரி ப்ளக் இருக்கும். ப்ளக்கை கட்டைவிரலால உள்ள அழுத்தி வச்சுக்கிட்டு பேரல் முனைல இருக்கற புஷ்ஷிங்ங்கற வளையத்தை திருப்பணும், திருப்பினதும் ப்ளக்கை மெதுவா விடணும். மெதுவான்னு எனக்கு யாரும் சொல்லல, சொல்லியிருந்தாலும் அன்னைக்கு கேட்டிருக்க மாட்டேன். கட்டைவிரல்ல ஆயில் வேற. டப்புன்னு ஒரு சத்தம், ப்ளக் நேரா சீலிங்ல போய் அடிச்சது, ஸ்பிரிங் எங்க போச்சுன்னே தெரியல, நான் பாதுகாப்பு கண்ணாடி கூட போடல. ப்ளக் அன்னைக்கே கிடைச்சது. ஸ்பிரிங்கை மூணு நாள் தேடினேன், கடைசில ஜன்னல் திரை மடிப்புக்குள்ள தொங்கிட்டு இருந்துச்சு, அதுவரைக்கும் வீட்ல எல்லாரும் நான் தரைல முட்டி போட்டு தவழறத வேடிக்கை பாத்தாங்க.

சரி கிடைச்சுதேன்னு திரும்ப மாட்ட உக்காந்தேன். 1911-ல பேரலுக்கு அடில லிங்க்னு ஓட்டை போட்ட ஒரு சின்ன துண்டு ஆடிக்கிட்டு இருக்கும், அந்த ஓட்டை ஃப்ரேம்ல, அதாவது கைப்பிடியோட சேந்த அடிப்பாகத்துல, இருக்கற ஓட்டையோட நேரா நின்னாத்தான் ஸ்லைடு ஸ்டாப் பின் உள்ள போகும். அது நிக்காது. பிஸ்டலை இந்த பக்கம் சாய்ச்சா லிங்க் அந்த பக்கம் சாயும். ஒருவழியா பின் உள்ள போச்சு, கடைசில ஸ்பிரிங் வச்ச பிளஞ்சர்னு ஒரு குட்டி ஊசியை தாண்டி ஸ்டாப்பை மேல தள்ளணும், அங்க நான் வேகமா தள்ளினதுல ஃப்ரேம் மேல வில்லு மாதிரி வளைவா ஒரு கீறல் விழுந்துடுச்சு, ஏற்கனவே மூணு நாள் எரிச்சல். அடுத்த வாரம் ஷூட்டிங் ரேஞ்ச்ல ஒரு பெரியவர் அதை பாத்துட்டு சிரிச்சாரு. "தம்பி, இதுக்கு உலகம் பூரா ஒரே பேரு, முட்டாள் கீறல். 1911 வச்சிருக்கறவன்ல பாதி பேர்கிட்ட இது இருக்கும், மீதி பேரு அந்த இடத்துல ஒரு பிளாஸ்டிக் கார்டை வச்சு மறைச்சுக்கிட்டு மாட்டறவன்"னாரு. எனக்கு பிளாஸ்டிக் கார்டு ஐடியா அப்போதான் தெரியும்.

அவரே சொன்ன இன்னொரு விஷயம்தான் என் மனசுல நின்னுச்சு. கோவம் வந்தா வேலைய அப்படியே ட்ரேல போட்டுட்டு எழுந்து போயிடணும், ஆனா திரும்பி வந்தா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும், மேகசின், ஸ்லைடு, சேம்பர்னு, நடுவுலேர்ந்து தொடரவே கூடாதுன்னாரு. தோட்டா எதுவும் அந்த ரூம்லயே இருக்கக்கூடாது, மேஜைல இல்லன்னா போதாது, ரூம்லயே கூடாதுன்னாரு.

நான் மட்டும் கைராசி இல்லாதவன்னு நினைச்சுக்காதீங்க. ரூகர் கம்பெனியோட .22 பிஸ்டல் 1949-ல வந்தது, குறி தவறாது, உழைக்கும், விலையும் கையக் கடிக்காதுன்னு பேரு வாங்கினது, ஆனா பிரிச்சு மாட்டறதுல அதுக்கு இருக்கற பேரே வேற. உள்ள ஹேமரோட, அதாவது அடிக்கற சுத்தியோட, சேந்து ஆடற ஸ்ட்ரட்டுன்னு ஒரு துண்டு சரியான பக்கம் விழுந்தாத்தான் பின்னால இருக்கற பாகம் மூடும், அது சரியா விழணும்னு பிஸ்டலை வானத்தை பாத்து தூக்கி, தலைகீழா புடிச்சு, குலுக்கின்னு ஜனங்க பண்ணாத வித்தை இல்ல. இதுக்கு பயந்தே அதை சுத்தம் பண்ணாம வச்சிருந்தவங்கள எனக்கு தெரியும். கடைசில 2016-ல மார்க் 4 வந்தப்போ, பின்னால ஒரு பட்டனை அழுத்தினா மேல்பாகம் அப்படியே கதவு மாதிரி திறக்கற டிசைனா மாத்திட்டாங்க.

மேகசினையும் பிரிச்சு தொடைக்கணும், அத பல பேரு விட்டுடறாங்க. அடித்தட்டை கழட்டும்போது கட்டைவிரலால மூடிக்கிட்டே கழட்டுங்க, உள்ள ஸ்பிரிங் துள்ள காத்துக்கிட்டு இருக்கும். கழட்டறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கறது நல்லது, ஏன்னா அந்த ஸ்பிரிங்குக்கு தலை எது வால் எதுன்னு அப்புறம் தெரியாது, திருப்பி மாட்டினா வெளிய பாக்க எல்லாம் சரியாத்தான் இருக்கும், ரேஞ்ச்ல போய் ரவுண்டு சரியா ஏறாதப்போதான் புரியும். நான் ஒரு போட்டி அன்னைக்கு புரிஞ்சுக்கிட்டேன், அதுக்கு மேல அதை பத்தி பேச விருப்பமில்ல.

தொடைக்கறதுல நடக்கற தப்பு வேற ரகம், உயிருக்கு ஆபத்து இல்ல, பிஸ்டலுக்குத்தான். பேரலை பின்பக்கத்துலேர்ந்து, அதாவது சேம்பர் பக்கத்துலேர்ந்து பிரஷ் விட்டு தள்ளணும், வாய் பக்கத்துலேர்ந்து கம்பிய குத்தி குத்தி இழுத்தா அந்த விளிம்பு தேயும், விளிம்பு தேஞ்சா குறி கெடும். பித்தளை வெண்கல பிரஷ்ஷை பாதி வழில நிறுத்தி திருப்பி இழுக்காதீங்க, முழுசா வெளிய வந்தப்புறம்தான் திருப்பணும். பேரல்ல ஒட்டின காப்பரை எடுக்கற கரைசல் போட்டா துணில பச்சையா நீலமா வரும், நானும் கறை வந்துக்கிட்டே இருக்குன்னு ஒரு சாயங்காலம் முழுக்க தேச்சேன், அப்புறம்தான் தெரிஞ்சது கரையறது அதே காப்பர் கலந்த என் பிரஷ்ஷே, பேரல் எப்பவோ சுத்தமாயிடுச்சு. ஆயில் விஷயத்துல நம்மாளுங்களுக்கு தாராள மனசு. சில சொட்டு போதுங்கற இடத்துல குளிப்பாட்டி விடுவாங்க. தோட்டாவோட பின்பக்கத்தை அடிக்கற ஃபயரிங் பின் ஓடற குழிக்குள்ள ஆயில் போனா கரியும் தூசியும் அதுல ஒட்டி கூழாயிடும், பின் வேகமா போய் அடிக்காது, தோட்டா வெடிக்காம டிக்குன்னு நின்னுடும். அப்புறம் கம்பெனிய திட்டுவாங்க.

கைய சோப்பு போட்டு கழுவறதையும் யாரும் எழுதறதில்ல. அந்த கரில ஈயம் இருக்கு, தோட்டாலேர்ந்தும் வரும் தோட்டாவோட அடில இருக்கற பிரைமர்ங்கற பத்தவைக்கற மருந்துலேர்ந்தும் வரும், அதே மேஜைல சாப்பிடறதெல்லாம் வேண்டாம்.

எல்லாம் மாட்டினப்புறம் மேஜைல ஒரு குட்டி ஸ்பிரிங் மிச்சம் இருந்தா அது எக்ஸ்ட்ரா இல்லீங்க, கம்பெனிக்காரன் தானமா குடுக்கல. மிச்சம் எதுவும் இல்லன்னாலும் ஒரு செக் பண்ணணும்: காலி பிஸ்டல்னு திரும்ப உறுதி பண்ணிட்டு, பாதுகாப்பான பக்கம் காட்டி, ஸ்லைடை இழுத்து விட்டு ட்ரிக்கரை அழுத்தி பிடிச்சுக்கணும், பிடிச்சபடியே ஸ்லைடை இன்னொரு தடவை இழுத்து விட்டு, ட்ரிக்கரை மெதுவா விட்டா க்ளிக்குன்னு கேக்கும். கேக்கலன்னா எங்கயோ தப்பா மாட்டியிருக்கோம்னு அர்த்தம், திரும்ப பிரிங்க. அலுப்பாத்தான் இருக்கும்.

ஆசிரியர் அய்யா, இவ்ளோ நீளமா எழுதினதுக்கு மன்னிக்கணும், பாதிய வெட்டினாலும் வருத்தமில்ல, அந்த ரெண்டு பொய் சாட்சி பாராவை மட்டும் வெட்டிடாதீங்க. அடுத்த தடவை இப்படி ஒரு செய்தி உங்க மேஜைக்கு வந்தா, "எதிர்பாராதவிதமாக"ன்னு போடறதுக்கு முன்னாடி உங்க ரிப்போர்ட்டரை ஒரே ஒரு கேள்வி கேக்க சொல்லுங்க, முதல்ல எடுத்தது மேகசினையா, இல்ல இழுத்தது ஸ்லைடையான்னு. அந்த பதிலையும் சேத்து போடுங்க, செய்தில இன்னும் ஒரு வரிதான் கூடும்.

இப்படிக்கு,
சீலிங்ல இன்னும் அந்த ப்ளக் தடத்தோட இருக்கற உங்க வாசகன்